எழினி ஆண்பிள்ளைப் பெயர்தான்: பெயர் தேர்வுக் கடை ஒன்றைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் குழந்தைகளுக்குப் பெயர் தேர்ந்து கொடுக்கும் கடை இருக்கிறது. கீழே பட்டுப்புடவைக் கடை, மாடியில் இவர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் சொல்லிப் பணம் கட்டினால் மறுநாள் வாட்ஸப்பில் பட்டியல் வந்துவிடும். பட்டியல் மட்டும் என்றால் 750 ரூபாய். இங்கிலீஷில் எந்த எழுத்துக் கூட்டினால் யோகம் என்று எண்கணிதம் பார்த்துச் சொல்லவும் சேர்த்தால் 1,200. கடைப் பெயரை நான் போடப் போவதில்லை. ஆள் நல்ல ஆள். நான் சொல்ல வந்தது அவர் கொடுக்கிற சரக்கைப் பற்றி.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். எங்கே குறைத்தேன், எங்கே கொடுத்தேன் என்று சொல்கிறேன்.

என் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவம். கார்த்திகை நட்சத்திரம், நாலாம் பாதம், ரிஷப ராசி. எங்கள் வீட்டு வழக்கப்படி குழந்தையை மடியில் வைத்துக் காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை, அதாவது நான். பெயரைத் தேடுகிற பொறுப்பையும் தம்பி என்னிடமே விட்டுவிட்டான். பாரதி மகளிர் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள், இப்போது லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பில் போடுகிறவள், இவளுக்குத் தெரியாத பெயரா என்பது அவன் நம்பிக்கை. ஆனால் வீட்டில் நட்சத்திர எழுத்து வேண்டும் என்றார்கள். தம்பி மனைவியின் அம்மா எண்கணிதமும் பார்க்கச் சொன்னார். அதனால்தான் கடைக்குப் போனோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிறந்த நேரத்தை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு விடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்து, நிமிடம் வரைக்கும் எழுதிக்கொண்டார்கள். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பது வழக்கம். நாலாம் பாதம் என்பதால் எகர ஏகாரத்தில் மட்டும் பெயர் கொடுத்தார்கள், வேறு எழுத்தைக் கலந்து பக்கத்தை நிரப்பவில்லை. தமிழில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ழகரம், ளகரம், றகரம் எல்லாம் அதனதன் இடத்தில். பெயர்ப் பட்டியல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன், இது சாதாரண விஷயம் இல்லை. போனில் பேசுகிற பெண்ணும் "சொல்லுங்கம்மா, குழந்தை நல்லாருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பட்டியல், காசில்லாமல்.

பட்டியலில் நான்கு பக்கம். நீல பார்டர் போட்ட மூன்று பக்கம் ஆண் பெயர், ரோஸ் பார்டர் போட்ட கடைசிப் பக்கம் பெண் பெயர், பிற்பாடு தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று இனாமாகக் கொடுப்பது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரியில் பொருள். ஏகாம்பரம், ஏகன், எழிலன், எழிலரசன், எழில்வேந்தன், எழில்மாறன் என்று போகிறது. ஏழுமலையும் இருந்தது. அது எங்கள் தாத்தா பெயர். வடசென்னையில் தெருவுக்கு இரண்டு ஏழுமலையாவது இருந்த காலம் ஒன்று உண்டு. புரட்டாசி சனிக்கிழமைக்கு நாமம் போட்டுக்கொண்டு உண்டியல் குலுக்கிய பிள்ளைகள் நாங்கள். நைனா அந்தப் பெயரில் விரலை வைத்துவிட்டு விரலை எடுக்கவே இல்லை.

அப்புறம் ஓசைக்காகக் கோத்த பெயர்கள். எகரத்தில் தொடங்கி ஷ், வ், த் என்று முடிகிறவை. எல்லாவற்றுக்கும் "கடவுளின் அருள்", "வெற்றியாளன்", "ஒளி" என்ற மூன்று பொருளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் ஏறக்குறைய பாதி இந்த வகை. ஒரு மதிப்பெண்ணை இங்கே குறைத்தேன். 750 ரூபாய் வாங்கிக்கொண்டு இப்படிப் பக்கம் நிரப்பக் கூடாது.

மீதி ஒன்றரையைக் குறைத்தது ரோஸ் பார்டர் போட்ட பக்கத்துக்காக. மேலிருந்து மூன்றாவது வரி: "எழினி – அழகு நிறைந்தவள்."

எழினி எந்தக் காலத்தில் பெண்ணானாள்? சங்கப் பாட்டில் எழினி என்று வருகிற அத்தனை பேரும் ஆண்கள். வேல் பிடித்தவர்கள், யானை வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் தகடூர்ப் பக்கத்து அதியமான் குடியைச் சேர்ந்தவர்கள். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி எல்லோருக்கும் தெரிந்தவன். அந்தக் குடியில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட பெயர் எழினி. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. கடையெழு வள்ளல்களை வரிசையாகச் சொல்கிற புறநானூற்று 158ஆம் பாட்டில், "ஊராது ஏந்திய குதிரைக் கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினியும்" என்று வருகிறது. ஊராது ஏந்திய குதிரை என்றால் யாரும் ஏறிச் சவாரி செய்யாத குதிரை, அதாவது குதிரைமலை. அந்த மலைக்கு உரியவன், கூரிய வேல் உடையவன், வில்வத்தைக் கண்ணியாகச் சூடியவன். இவனைத்தான் "அழகு நிறைந்தவள்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

இன்று பெண் குழந்தைகளுக்கு எழினி என்று வைக்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. கேட்க இனிமையான பெயர், யாரும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பெயரை விற்கிறவர்கள் அதை வைத்திருந்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். ஆண் குழந்தைக்குப் பெயர் தேடி வந்த குடும்பத்துக்கு ஆண் பெயர்ப் பக்கத்திலேயே அதைக் காட்டாமல் விடுவது பெரிய குறை. நாங்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறக்காமலே விட்டிருக்கலாம்.

பையனுக்கு எழினி என்றே வைக்கலாம் என்று வீட்டில் சொன்னதும் ஆயா முகம் சுளித்தார். "இன்னாடி இது, பொட்டப்புள்ள பேரு கணக்கா கீது? இகரத்துல முடிஞ்சா பொம்பள பேருதானே?"

"மணி, மூர்த்தி, ரவி, காசி, பாலாஜி எல்லாம் யாரு ஆயா? நம்ம தெருவுல மீசை வெச்சிருக்கறவங்கதானே?"

ஆயா பதில் சொல்லவில்லை, ஆனால் விடவும் இல்லை. பழைய பெயர்களிலும் இதே கதைதான். பாரி, காரி, ஓரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, மத்தி, மிஞிலி, எழினி எல்லாம் ஆண்கள். இகரத்தில் முடிந்தால் பெண் என்று எந்தப் புலவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் பாரி மட்டும்தான் இன்றைக்கும் ஆண் பெயராகப் பிழைத்திருக்கிறது. மற்றவை பள்ளிப் பாடத்தோடு நின்றுவிட்டன.

தம்பியை இந்தப் பெயரின் பக்கம் சாய்த்தது ஒரே ஒரு பாட்டு. அவன் ஹார்பரிலிருந்து கன்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, ஜீரோ கேட்டுக்குள் போய், பெட்டி ஏற்றிக்கொண்டு மணலிக்கோ மாதவரத்துக்கோ போகிற வேலை. அவனிடம் புறநானூறு 102ஐச் சொன்னேன். ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். மாடுகள் இளசு, நுகத்தடி பழகாதவை. வண்டியிலோ பாரம் ஏராளம். வழியில் பள்ளத்தில் இறங்க வேண்டி வரும், மேட்டில் ஏற வேண்டி வரும், எங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில், இருக்கிற அச்சுக்குக் கீழே, இன்னொரு அச்சைக் கட்டி வைக்கிறார்கள். "கீழ்மரத்து யாத்த சேமஅச்சு." நீ அப்படிப்பட்டவன் என்கிறார் ஔவையார் அந்த இளைஞனைப் பார்த்து. உன் நிழலில் வாழ்கிறவர்களுக்கு இருட்டு ஏது என்று முடிக்கிறார்.

தம்பி இரண்டு தடவை சொல்லச் சொன்னான். "ஸ்டெப்னி மாதிரியாக்கா? ஆக்ஸில் ஒடிஞ்சா எடுத்துப் போடறதுக்கா?"

"ஆமாடா. டயர் இல்ல, அச்சே."

லோடு ஏறிய வண்டி வழியில் ஆக்ஸில் ஒடிந்து நிற்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பின்னால் வண்டி வண்டியாக நிற்கும், ஆபீஸில் எனக்குப் போன் மேல் போன் வரும், பார்ட்டி டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், யார் தலையில் என்று கத்துவான், கிரேன் வர விடிந்துவிடும். அரசனைச் சிங்கம், புலி என்று எத்தனையோ பேர் பாடினார்கள். ஔவையார் வண்டிக்காரனின் பயத்திலிருந்து பாடியிருக்கிறார். பாரத்தைச் சுமக்கும் அச்சைச் சொல்லாமல், வண்டிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டு, ஒடிகிற வேளைக்காகக் காத்திருக்கிற அச்சைச் சொல்லியிருக்கிறார். அப்பன் இருக்கும்போது மகனைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. உப்பு வண்டியும் எங்களுக்கு அந்நியம் இல்லை. ராயபுரம் பக்கத்து சால்ட் கொட்டார்ஸ் கூட்ஸ் ஷெட்டின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. எண்ணூருக்கு அப்பால் அத்திப்பட்டுப் பக்கத்தில் உப்பளம் பார்த்தவர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு.

இன்னொரு பாட்டு, புறம் 100. அதியமான் போரிலிருந்து நேரே வந்து தனக்குப் பிறந்த மகனை முதல் தடவையாகப் பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பெல்லாம் வியர்வை, கழுத்தில் ஆறாத புண். "செறுவர் நோக்கிய கண் தன் சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே" என்கிறார் ஔவையார். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. பாட்டுக்குள் குழந்தையின் பெயர் இல்லை, பொகுட்டெழினிதான் என்று கொள்வது வழக்கம். என் தம்பியும் பையனைப் பார்க்க நேரே வண்டியிலிருந்துதான் வந்தான். காக்கிச் சட்டையில் டீசல் வாசனை, கண் ரெண்டும் ரத்தம் கட்டினது மாதிரி சிவப்பு. நர்ஸம்மா கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். தூக்கமில்லாத சிவப்புதான், போர்க்களம் இல்லை. ஆனாலும் அந்த வரியை நான் நேரில் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

பெருமையை மட்டும் சொல்லிப் பெயரை விற்பது எனக்குப் பிடிக்காது. அதனால் வீட்டில் மற்றதையும் சொன்னேன். எழினிகள் எல்லோரும் வென்றவர்கள் இல்லை. அகநானூறு 36இல், தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற ஏழு பேரில் ஒருவன் "போர்வல் யானைப் பொலம்பூண் எழினி". அகம் 211இல் இன்னும் மோசம். மத்தி என்பவன் ஓர் எழினியைப் பிடித்து, அவன் பல்லைப் பிடுங்கி வெண்மணிக் கோட்டைக் கதவில் பதித்தான் என்று மாமூலனார் சொல்கிறார். புறம் 230 ஓர் எழினிக்கான ஒப்பாரியே. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையோடு நடந்த தகடூர்ப் போரில் அவன் விழுந்தான். அரிசில் கிழார் பாடுகிறார். அவன் ஆட்சியில் கன்றும் மாடும் காட்டிலேயே பயமில்லாமல் தங்கும், வழிப்போக்கர் கண்ட இடத்தில் இறங்கி இளைப்பாறுவார்கள், நெற்குவியலுக்குக் காவல் வேண்டாம். அப்படிப்பட்டவனைத் தின்றுவிட்டாயே கூற்றமே, பஞ்சத்தில் விதைநெல்லை எடுத்துத் தின்ற உழவன் போல நீயே நஷ்டப்பட்டாய், அவனை விட்டிருந்தால் அவன் களத்தில் கொன்று குவிக்கும் உயிர்களைக் குடித்து வயிறு நிறைந்திருப்பாயே என்று எமனையே கடிகிறார். "பொய்யா எழினி" என்பது அந்தப் பாட்டில் அவனுக்குப் பெயர். பொய்க்காத எழினி.

தம்பி மனைவி இதைக் கேட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, செத்துப்போனவரைப் பாடின பாட்டுல வர்ற பேராச்சே, வைக்கலாமா?" நியாயமான கேள்வி. ஏழுமலை என்று தாத்தா பெயரை வைப்பதும் இறந்தவர் பெயரை வைப்பதுதான் என்று நைனாவே பதில் சொன்னார். அந்த நிமிஷத்தில்தான் நைனா எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று புரிந்தது.

கடை சொன்ன "அழகு" என்ற பொருளுக்கு வருகிறேன். எழில் என்றால் அழகு, அதையும் எழினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து யாரோ பொருள் எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறுகிற மேடையை வர்ணிக்கும்போது மூன்று விதத் திரை வருகிறது: "ஒருமுக எழினியும் பொருமுக எழினியும் கரந்துவரல் எழினியும்." ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது.

ஒரு மலைநாட்டுத் தலைவனுக்குத் திரைச்சீலை என்றா பெயர் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆளின் பெயர் வேறு, மேடைச் சீலை வேறு, ஓசை ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதானோ என்று நினைத்ததுண்டு. இதற்குப் பதில் ஒரு கல்வெட்டில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு சமணக் குன்று. அங்கே எழினி என்ற சேர மரபினன் ஒருவன் முன்பு இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைச் செய்து வைத்திருந்தான். அவை சிதைந்து போயின. ஏறக்குறைய 800 ஆண்டுக்கு முன்பு, அவன் வழியில் வந்த தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து மலைமேல் வைத்தான். அந்தச் சேதியைத் தமிழிலும் வடமொழியிலும் வெட்டியிருக்கிறார்கள். 1890இல் அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் இரண்டும் இருக்கின்றன. தமிழில் "வஞ்சியர் குலபதி எழினி", அதாவது வஞ்சிச் சேரர் குலத்தின் தலைவன் எழினி. வடமொழியில் அதே ஆளின் பெயர் யவனிகா. யவனிகா என்றால் திரைச்சீலை! ஓசையை அப்படியே எழுதாமல் பொருளை எடுத்து வடமொழியில் வைத்திருக்கிறார்கள். விடுகாதழகிய பெருமாளின் பெயரையும் அந்த வடமொழிப் பகுதி இதே மாதிரிதான் பெயர்த்திருக்கிறது. ஆக, அந்தக் குடும்பமே தங்கள் முன்னோனின் பெயரைத் திரை என்றுதான் புரிந்துகொண்டிருந்தது. ஆண் பெயராகத்தான் வைத்திருந்தது. அந்த வடமொழி வரியில் அந்த மலை தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது என்றும் வருகிறது. நம் ஊரும் தொண்டை மண்டலம்தான். தர்மபுரிப் பெயர் ஒன்று நம் மண்ணிலேயே கல்லில் கிடக்கிறது என்று நினைத்தால் மனசு நிறைகிறது.

அந்தக் குடிக்குக் கல்வெட்டுச் சாட்சி இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டில் "அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி", அதாவது அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம், என்று தெளிவாகவே இருக்கிறது. பாட்டில் வந்தவர்கள் கதைமாந்தர் இல்லை, கல்லில் பெயர் வெட்டி வாழ்ந்தவர்கள்.

கடையில் இதையெல்லாம் போடச் சொல்லவில்லை. "எழினி: ஆண். தகடூர் அதியமான் குடியினர் பெயர். திரைச்சீலை என்று பொருள்." இவ்வளவு போதும். ஒரு வரிக்கு மேல் போகாது. அழகு நிறைந்தவள் என்று எழுதிய இடத்திலேயே இது அடங்கும்.

இனி அந்த இங்கிலீஷ் எழுத்து விவகாரம். தம்பி மாமியார் ஆசைப்பட்டார் என்பதால் 1,200 ரூபாய் கட்டினோம். எழினிக்கு ஈ, இசட், எச், ஐ, என், ஐ என்று ஆறெழுத்து போதும். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுவது எல்லா ஆபீஸிலும் பழகிப்போன ஒன்று. இவர்கள் கூட்டுத்தொகை சரிவரவில்லை என்று இன்னொரு 'என்' எழுத்தும் கடைசியில் இன்னொரு 'ஐ' எழுத்தும் சேர்க்கச் சொன்னார்கள். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். என் வேலையில் தினமும் பார்க்கிறேன். லைசென்ஸில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்று வருகிற டிரைவர்கள் படுகிற பாடு கொஞ்சமல்ல. ஹார்பர் பாஸ் எடுக்கும்போது ஒரே ஒரு எழுத்து அதிகமாக இருந்ததற்காக என் தம்பியே வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதுவது அரசாங்கத்துக்கே சிக்கலான வேலை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு இங்கிலீஷ் எழுத்தை மாற்றி அரசாணை வந்தது, எங்கள் தண்டையார்பேட்டையும் அதில் நீண்டு போனது. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிள்ளைக்கு நாம் வைக்கிற எழுத்தை அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெற முடியாது.

பெயருக்காக அவசரப்பட வேண்டாம் என்பதையும் கடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். "சர்டிபிகேட்ல பேரு ஏத்தணுமே, சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றுதான் அவசரப்படுத்தினார்கள். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதிவு நடக்கும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இது தெரிந்தால் பாதிப் பேர் நிதானமாகத் தேடுவார்கள். புறநானூறும் அகநானூறும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இலவசமாகக் கிடக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடினால் எந்தப் பாட்டில் வருகிறது என்று போனிலேயே பார்த்துவிடலாம். தேடத் தெரியாத ஆயாக்களுக்கும் நேரமில்லாத அப்பாக்களுக்கும்தான் கடை வேண்டும். அவர்களுக்காகத்தான் கடை சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன்.

பாட்டுகளையும் கல்வெட்டு வரிகளையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கடைக்காரர் பெரியவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நின்றபடியே படித்தார். "நாங்க காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர்ல இப்படித்தாம்மா போட்டிருக்கு. யாரும் வந்து கேட்டதில்ல" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அங்கேயே நீலப் பக்கத்தில் எழினியைச் சேர்க்கச் சொன்னார். என் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாக இருந்த மதிப்பெண்ணை இரண்டரை ஆக்கியது இதற்காகத்தான். பொருள் வரியையும் மாற்றிவிட்டால் மூன்று கொடுக்கத் தயார். பாரி, ஓரி, நள்ளி என்று மற்ற பெயர்களுக்கும் ஆள் யார், ஊர் எது என்று போட்டால் நானே ஆள் அனுப்புவேன்.

வீட்டில் கூப்பிட ஏழுமலை, சர்டிபிகேட்டில் எழினி என்று முடிவாகிவிட்டது. ஆயா மட்டும் "எயினி" என்றுதான் கூப்பிடுகிறார். ழகரம் அவர் வாயில் யகரமாகத்தான் வரும். வாழைப்பழத்தையே வாயப்பயம் என்று சொல்லி வளர்ந்த தெரு எங்களுடையது. பிள்ளை அந்தக் குரலுக்குத்தான் முதலில் திரும்புகிறான்.

போகிறவர்களுக்குச் சில தகவல். செவ்வாய்க்கிழமை கடை இல்லை. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், பச்சை உடம்புக்காரியைக் கூட்டிப் போகாதீர்கள், விவரத்தை வாட்ஸப்பில் அனுப்பினாலே போதும். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் எம்.சி. ரோட்டில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. பணம் கட்டும்போதே "பட்டியல் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் 1,200க்குத்தான் பில் போடுகிறார்கள். எண்கணிதம் வேண்டாம் என்று பிறகு சொன்னால் 450ஐத் திருப்பித் தருவதில்லை, அதற்கு ஈடாகப் பெயரை ஃபிரேம் போட்டுத் தருகிறேன் என்பார்கள்.